முகப்புப் பக்கத்தில் ஏறிய பெயர்

பாஸ்டனை அடுத்த ஒரு நூலகத்தில் பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து, அவற்றுக்குப் பட்டியல் குறிப்பு எழுதுவதே பதினொரு ஆண்டுகளாக என் வேலை. எடுக்கிற நூலை உட்கார்ந்து படிக்க நேரம் கிடைப்பதில்லை என்றாலும், ஒவ்வொரு தாளையும் என் கையால்தான் புரட்டுகிறேன். யாருடைய பெயர் எந்தக் கட்டத்தில் ஏற வேண்டும் என்பதையும் நான்தான் முடிவு செய்கிறேன். அந்த முடிவு எவ்வளவு கனமானது என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் முதன்முதலாக அச்சான முழு விவிலியம் ஆங்கிலத்தில் அமைந்ததன்று. 1663இல், இங்கே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் வெளிவந்த அது, இந்த மண்ணின் பூர்வகுடிகள் பேசிய மாசசூசெட் மொழியில் இருந்தது. அதன் பழைய பட்டியல் அட்டைக் குறிப்பில், மொழிபெயர்த்தவர் ஆங்கிலேயப் போதகர் ஜான் எலியட் என்றும், அச்சிட்டவர்கள் சாமுவேல் கிரீன், மார்மடியூக் ஜான்சன் என்றும் இருந்தன. நூலின் முகப்பும் அவ்வாறே சொன்னதால், நான் அதை அப்படியே கணினியில் ஏற்றி அடுத்த நூலுக்குப் போய்விட்டேன். சில மாதங்கள் கழித்து, நிப்மக் என்ற பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி வாசிப்பறைக்கு வந்து அந்தக் குறிப்பை நெடுநேரம் பார்த்தார். "எங்கள் ஜேம்ஸ் எங்கே?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலையே தேடத் தொடங்கினேன்.

வோவாஸ் என்ற இயற்பெயர் கொண்ட அந்த நிப்மக் இளைஞர் 1659இல் கிரீனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். செய்த தொழிலே பெயராகி, ஜேம்ஸ் பிரிண்டர் என்று அழைக்கப்பட்டார். கிரீனுக்கும் ஜான்சனுக்கும் தெரியாத ஒரு மொழியில், ஆங்கில நெடுங்கணக்கில் இல்லாத, இரண்டு ஓக்கள் ஒட்டிய தனி எழுத்தையும் வைத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கோக்கும் பணியில் அவரும் கைகொடுத்தார். அச்சுத்தாளைப் பொருள் உணர்ந்து கோக்கவும் பிழை திருத்தவும் தம்மிடம் இருப்பவர் அந்த ஒருவர்தான் என்று, இரண்டாம் பதிப்பு நடந்த 1683இல் எலியட்டே எழுதினார். மொழிபெயர்ப்பிலும் எலியட் தனியாக இல்லை. ஆங்கிலேயர் பீக்வாட் பூர்வகுடிகளோடு நடத்திய போரில் பிடிபட்ட காக்கெனோ என்ற பூர்வகுடி இளைஞர் அவருக்கு முதலில் மொழி கற்பித்தார். ஜோப் நெசூட்டன் என்ற மற்றொரு பூர்வகுடி உடனிருந்து மொழிபெயர்த்தார். எலியட்டின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு மொழியை அதன் மக்களின் வாயிலிருந்துதான் எவரும் பெற முடியும்.

1675இல் வாம்பனோவாக் பூர்வகுடித் தலைவர் மெட்டாகம் தலைமையில் பூர்வகுடிகளுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டபோது, விவிலியம் படித்துவந்த பூர்வகுடிகளைக்கூட ஆங்கிலேயர் நம்பவில்லை. கிறித்தவப் பூர்வகுடிகள் வாழ்ந்த நேட்டிக் ஊராரைப் படகில் ஏற்றி, பாஸ்டன் துறைமுகத்தில் இருந்த மான் தீவில் குளிர்காலம் முழுவதும் அடைத்து வைத்தார்கள். பசியிலும் குளிரிலும் பலர் மாண்டார்கள். ஜேம்ஸும் பொய்க் குற்றச்சாட்டில் கட்டி இழுத்துவரப்பட்டு, விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார். பிறகு அவர் மெட்டாகம் பக்கத்து மக்களோடு இருந்தார். பிடிபட்டிருந்த மேரி ரோலண்ட்சன் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் மீட்புத்தொகை குறித்த கடிதப் பேச்சில், பூர்வகுடிகளுக்காக எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1676இல் பொதுமன்னிப்பு பெற்று மீண்டும் அச்சகத்துக்கே திரும்பினார். தம் மக்களை அந்தப் பாடு படுத்தியவர்களின் அச்சுக்கூடத்தில் மறுபடியும் எழுத்துப்பெட்டி முன் நின்ற அந்த முதல் நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

1685ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒரு படியை நான் ஸ்கேன் செய்தபோது, ஓரங்களில் மங்கிய பழுப்பு மையில் கிறுக்கல்கள் இருந்தன. அழுக்கு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிப் போக்கிவிடப் பார்த்தேன். நல்லவேளையாக அந்த மூதாட்டியின் கேள்வி நினைவுக்கு வர, விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன், அவை எழுத்துகள். நூலை வைத்திருந்த பூர்வகுடி வாசகர்கள் தங்கள் மொழியில், தங்கள் கையெழுத்தில் எழுதிவைத்தவை. இப்படி எஞ்சிய எழுத்துகளையும் நிலப் பத்திரங்களையும் அந்த விவிலியத்தையும் கொண்டுதான், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசுவாரின்றிக் கிடந்த அந்த மாசசூசெட் மொழியை, அதைத் தங்கள் மொழியாகக் கொண்ட வாம்பனோவாக் மக்கள் 1993 முதல் மீட்டு வருகிறார்கள். ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர். நான் துடைத்துவிடவிருந்த ஒரு சொல் அங்கே ஒரு குழந்தையின் பாடத்துக்கு வேண்டியதாக இருந்திருக்கலாம் என்று எண்ணினால் இன்றும் மனம் பதறுகிறது.

அதன்பின் என் வேலை மெதுவானது. நான் நாள்தோறும் வரும் பாய்ல்ஸ்டன் தெருச் சுரங்க ரயில் பாதையைத் தோண்டியபோது, 1913இல், மீன்பிடிக்க நட்ட மரக்குச்சிகள் அகப்பட்டன. அவற்றின் வயது சில ஆயிரம் ஆண்டுகள். 1620இல் பிளிமத்தில் இறங்கிய ஆங்கிலேயர் குடியேறியதும் வெற்று நிலத்தில் அன்று. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் துடைத்துப்போட்ட பட்டுக்செட் ஊரின் மக்காச்சோள வயல்களில். இவை தெரிந்த பிறகு, பழைய நிலப்படங்களில் 'குடியிருப்பற்ற நிலம்' என்று ஒரு குறிப்பை என்னால் எழுத முடிவதில்லை.

விவிலியத்தின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய 1709ஆம் ஆண்டு நூல் என் மேசைக்கு வந்தபோது, அந்த மூதாட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். அதன் மாசசூசெட் மொழி முகப்பின் அடியில், பாஸ்டன் என்ற ஊர்ப்பெயரை அடுத்து, 'உப்பிரிண்டோமுன்னோ பி. கிரீன் கா ஜே. பிரிண்டர்' என்று இருக்கிறது. 'பிரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்து, முன்னும் பின்னும் தங்கள் மொழியின் ஒட்டுகளைச் சேர்த்துத் தங்கள் வினையாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். பி. கிரீன் என்பவர் சாமுவேல் கிரீனின் மகன் பார்த்தலோமியூ. 'கா' என்றால் 'உம்'. தொழில் பழகச் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, அச்சிட்டவராக ஜேம்ஸின் பெயர் முகப்பில் ஏறியிருக்கிறது. மூதாட்டி அந்த வரியைத் தாளில் விரல் படாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தொடர்ந்து வாய்விட்டுப் படித்தார். பிறகு என் திரையின் பக்கம் திரும்பி, அச்சிட்டோர் என்ற கட்டத்தில் நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.