ஒரே கடிதம், 214 வீடுகள்

இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கான கடிதங்களைக் கணினியில் தயாரிப்பது என் பொறுப்பு. போன வருடம் வரை கடிதத்தில் "உங்கள் மகன்/மகள்" என்று சாய்கோடு போட்டு, பெயருக்குப் புள்ளிக்கோடு விட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஒரு பாட்டி அந்தக் கடிதத்தோடு வந்தார். பிள்ளையின் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், பார்த்துக்கொள்வது பாட்டிதான். "டீச்சர், இது எனக்கு வந்ததுதானா? மகன், மகள்னு போட்டிருக்கு. இவ என் பேத்தியாச்சே" என்று கேட்டார். வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தவணைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுக்கே எழுதியது போல ஒரு கடிதம் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வேர்டில் மெயில் மெர்ஜ் எனக்கு ஏற்கெனவே தெரியும். எக்செல் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துக் கடிதத்தில் போடும். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை வசனமே மாற வேண்டும் என்றால் நிபந்தனை போட வேண்டும். மெயிலிங்ஸ் பகுதியில் ரூல்ஸ் என்பதைத் திறந்தால் அங்கே "இஃப் தென் எல்ஸ்" இருக்கிறது. பட்டியலில் மேலிருந்து கீழாக வரும் இந்த நிரலில் இது இருந்தால் இந்தச் சொல்லைப் போடு, இல்லாவிட்டால் அந்தச் சொல்லைப் போடு என்று ஒரு சின்னப் பெட்டியில் நிரப்பினால் போதும்.

முதல் தடங்கல் அதற்கும் முன்னாலேயே வந்தது. பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. எக்செலில் பார்த்தால் அழகான தமிழ், கடிதத்துக்கு வந்ததும் கவிதா என்ற பெயர் எஃப், டி, பி, ஜே, எச் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளாக நின்றது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. மெர்ஜ் எழுத்தை மட்டும் கொண்டுவரும், எழுத்துருவைக் கொண்டுவராது. முழுப் பட்டியலையும், உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றி, பெயர்களை வகுப்பாசிரியர்களிடம் கொடுத்துச் சரிபார்த்தோம். ஒரு மாலை முழுக்கப் போனது. ஆனாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். நிபந்தனையில் நீங்கள் யூனிகோடில் "பெண்" என்று எழுதி, பட்டியலில் அது பாமினியில் இருந்தால் இரண்டும் ஒருநாளும் பொருந்தாது.

அப்புறம் "மகள், மகன்" நிபந்தனை. பெண் என்றால் மகள், இல்லாவிட்டால் மகன் என்று போட்டேன். முன்னோட்டத்தில் சில பெண் பிள்ளைகள் மகன் ஆகிவிட்டார்கள். ஒரு வகுப்பில் "பெண்" என்றும், இன்னொன்றில் "பெ" என்றும் எழுதியிருந்தார்கள். சில கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. "இல்லாவிட்டால்" என்ற கிளை, பொருந்தாத எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: பெண் என்றால் மகள், இல்லாவிட்டால், ஆண் என்றால் மகன், அதுவும் இல்லாவிட்டால் "பார்க்கவும்" என்று பெரிய எழுத்தில் வரட்டும். இந்த மூன்றாவது கிளைதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது.

ஒன்றுக்குள் ஒன்று நிபந்தனை வைக்க அந்தச் சின்னப் பெட்டி போதாது. ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கடிதத்தின் உள்ளே இருக்கும் கட்டளைகள் தெரியும். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டி வரலாம். கட்டளைகளைச் சுற்றி நிற்கும் நெளி அடைப்புக்குறிகளை விசைப்பலகையில் தட்டினால் வேலை செய்யாது. கன்ட்ரோல், எஃப்9 அழுத்தித்தான் போட வேண்டும். இது தெரியாமல் ஓர் இரவு முழுவதும் தட்டித் தட்டி அழித்தேன். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள். நிபந்தனை பொருந்தாதபோது ஒரு பத்தியே வரக்கூடாது என்றால், பத்தி முடிவில் தட்டும் என்டரையும் மேற்கோள்குறிக்குள்ளேயே வையுங்கள். வெளியே விட்டால் வெற்று வரி ஒன்று நிற்கும்.

பாட்டியின் கடிதத்துக்காக "யாருக்கு" என்று ஒரு நிரல் சேர்த்தேன்: தந்தை, தாய், பாதுகாவலர். பாதுகாவலர் என்றால் "உங்கள் பொறுப்பில் உள்ள மாணவி" அல்லது "மாணவன்", தந்தை, தாய் என்றால் மகள் அல்லது மகன், எதுவும் இல்லாவிட்டால் இங்கும் "பார்க்கவும்". வினைச்சொல்லுக்கு நிபந்தனையே தேவைப்படவில்லை. "வந்துள்ளார்" என்று மரியாதையாக எழுதினால் இருபாலாருக்கும் பொருந்துகிறது, பிள்ளைக்கும் அது கௌரவம்.

வேற்றுமை உருபுதான் படுத்தியது. பெயருக்குப் பின்னால் "இன்" என்று ஒட்டினால் "கவிதாஇன்" என்று வருகிறது. "கவிதா என்பவரின்" என்று எழுதித் தப்பலாம். ஆனால் அது பொலிஸ் முறைப்பாடு போலத் தொனிக்கிறது, ஒரு தாய்க்கு எழுதும் கடிதத்தில் அதைப் போட எனக்கு விருப்பமில்லை. எக்செலில் ரைட் என்ற சூத்திரத்தால் பெயரின் கடைசிக் குறியைப் பிடிக்கலாம். தமிழில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். இகர, ஈகார, ஐகாரக் குறி என்றால் "யின்" சேர்த்தேன்: தேவகியின். புள்ளி என்றால் அதை நீக்கிவிட்டு இகரக்குறியும் "ன்"னும்: கமலனின். மற்றவற்றுக்கு "வின்": கவிதாவின். "ம்" என்று முடியும் பெயர்களை மட்டும் கையால் திருத்தினேன், சண்முகம் "சண்முகத்தின்" ஆக வேண்டுமே.

வரவு 80 சதவீதத்துக்குக் குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும், வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்திக்கும்படி ஒரு பத்தி. நிபந்தனையில் 80 என்று போட்டேன். ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளையின் கடிதத்திலும் அந்தப் பத்தி வந்து நின்றது. எக்செல் 100% என்று காட்டினாலும் உள்ளே இருப்பது 1, வேர்டுக்குப் போவதும் அதுதான். 80 ஐ விட எல்லாமே குறைவுதானே! அச்சடிக்கும் முன்னால் கண்டுபிடித்தேன். அந்தப் பத்தி தவறான வீட்டுக்குப் போயிருந்தால் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கும். அன்றிலிருந்து கணக்கை எக்செலிலேயே முடித்து "குறைவு" என்று ஒரு சொல்லை மட்டும் நிரலில் வைக்கிறேன். வேர்ட் அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

முகவரிக்கும் இதே வழிதான். தோட்டத்து வீடுகளுக்குத் தோட்டப் பெயரும் பிரிவும், வரிசை வீடுகளான லயத்தின் எண்ணும், டவுன் வீடுகளுக்கு வீதிப் பெயர். பட்டியலைத் தோட்ட வாரியாக அடுக்கிவிட்டு மெர்ஜ் செய்தால் கட்டுக் கட்டாகவே அச்சாகி வரும், பிரித்துக் கொடுக்கச் சுலபம்.

நேரே பிரிண்டருக்கு அனுப்பாமல், "எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்" கொடுத்து 214 கடிதங்களையும் ஒரே கோப்பாக எடுத்தேன். அதில் "பார்க்கவும்" என்று தேடினேன். மூன்று வந்தன. இரண்டில் ஆண், பெண் என்று போட மறந்திருந்தார்கள். மூன்றாவதில் "யாருக்கு" என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. வகுப்பாசிரியையிடம் கேட்டேன். "அம்மா போன கிழமைதான் குவைத் போனாங்க டீச்சர். அப்பாவும் கொழும்புல. யாரைப் போடுறதுன்னு எனக்கும் தெரியல" என்றார். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். பாதுகாவலர் என்று போட்டு, அத்தையின் பெயரையும் லய எண்ணையும் மாற்றி, அந்த ஒரு கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்தேன்.