பி.டி. பீரியட் கடன் நோட்டு

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்கே திரும்பி வந்துவிட்டார். பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் வருகிறது. நான் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த அரசுப் பள்ளியைப் பார்த்தபோது, விளையாட்டு இல்லாத மைதானம் என்று அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கத் தோன்றியது.

டைம்டேபிளில் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட். "ஒரே ஒரு பயிற்சிதான் பாக்கி டீச்சர், அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்" என்று கணக்கு சார் ஒன்றை வாங்கிக்கொள்வார். பரீட்சை நெருங்கினால் அறிவியல் டீச்சர் மற்றதை எடுத்துக்கொள்வார். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். கடன் போகாவிட்டாலே எங்களிடம் இருந்தது 80.

கிடைத்ததை விடக்கூடாது என்ற வெறியில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசி. அக்கினி நட்சத்திரம் முடிந்த சேதி வேலூருக்கு மட்டும் தாமதமாகத்தான் வரும். பதினொன்றரை மணி வெயிலில் எட்டாம் வகுப்பை நான்கு ரவுண்டு ஓடவிட்டேன். மூன்றாவது ரவுண்டில் ஒரு பெண் கபடிக் கோட்டருகே உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள். நிழலுக்குத் தூக்கிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகு, "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"டீ, மிஸ். ரெண்டு பொறை."

அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறவர். ஆறரைக்கெல்லாம் வேன் வந்துவிடும். அதற்குள் சோறு ஆனால் ஆச்சு, இல்லாவிட்டால் பொறைதான். மகள் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு, அதிலும் ஒரு வார் ஊக்கில் நின்றது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் வந்தது, நல்ல திட்டம். ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஓடச் சொல்வதற்கு முன் சாப்பாட்டை விசாரிப்பது என் வழக்கமாயிற்று. தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி, பி.டி. பீரியடைக் கடைசி மணிக்கு மாற்றினேன். அப்போதுதான் கட்டட நிழல் மைதானத்தில் பாதிவரை விழும்.

பிள்ளைகள் ஓடியாடாததற்குச் செல்போன்தான் காரணம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இருக்கலாம். எங்கள் பெண்பிள்ளைகள் "வயித்து வலி மிஸ்" என்று ஒதுங்கியதற்கு, மதியத்துக்கு மேல் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராததுதான் காரணம். எனக்கே அது புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

ஆண்பிள்ளைகளைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. 2014-லும் 2018-லும் காமன்வெல்த் பளு தூக்குதலில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் நம்ம சத்துவாச்சாரிக்காரர் என்று ஒருமுறை சொன்னேன். மறுநாளே செங்கல்லைத் தலைக்கு மேல் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிடுங்கி வைப்பதே வேலையாகிப்போனது.

பெண்களுக்குக் கைகொடுத்தது நொண்டி. நிழலுக்குள் ஒரு கட்டம் போதும், ஷூ வேண்டாம், காசு வேண்டாம். ஒற்றைக்காலில் துரத்தி நாலு பேரைத் தொடுவதற்குள் மூச்சு இரைத்துவிடும். மயங்கி விழுந்தவள்தான் அதில் சூரப்புலி. ஷாலை இடுப்பில் முடிந்துகொண்டு, தொட வருகிற மாதிரி வந்து சட்டென்று திரும்பி வேறொருத்தியைத் தொடுவாள்.

அப்புறம் அந்த நோட்டு. யார் எத்தனை பீரியட் வாங்கினார்கள் என்று தேதியோடு எழுதி ஸ்டாஃப் ரூம் ஆணியில் தொங்கவிட்டேன். முதலில் சிரித்தார்கள். போன வருஷக் கணக்கில் கணக்கு சார் பேரில் பதினொன்று நின்றது. பிப்ரவரியில் அவரே வந்து, "ரெண்டு கழிச்சுக்குங்க டீச்சர்" என்றார். கழித்துக்கொண்டேன். பாக்கி ஒன்பது.