பெரியம்மாவும் பெருவாய் விலாங்கும்

அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் முங்க மதுரையிலிருந்து வந்த பெரியம்மா, சேலையை எடுத்துச் செருகியவர், அப்படியே கரையில் நின்றுவிட்டார். "நான் கடல்ல இறங்கல. கோயிலுக்குள்ள 22 தீர்த்தம் இருக்குல்ல, அது போதும்."

போனை நீட்டினார். கறுப்பாக ஒரு விலாங்கு. வாய் உப்பிக்கொண்டே போகிறது. கீழே சிவப்பு எழுத்தில், "ராமேஸ்வரம் கடலில் ஆள் விழுங்கி மீன்!" 2018-ல் ஹவாய்ப் பக்கம் நாட்டிலஸ் ஆய்வுக் கப்பல்காரர்கள் எடுத்த வீடியோ அது. கல்ப்பர் ஈல் என்பார்கள். எந்தப் புண்ணியவானோ அதை நம்ம ஊருக்கு டிக்கெட் வாங்கி அனுப்பிவிட்டான்.

"பெரியம்மா, இது 500 மீட்டருக்குக் கீழ, 3000 மீட்டர் வரைக்கும் இருட்டுல கிடக்குற சாதி. நம்ம பாக் விரிகுடா பெரும்பாலும் 10, 12 மீட்டர்தான்."

"வழி தவறி வந்துருச்சுன்னா?"

வந்தாலும் ஆள் மொத்தமே ஒரு மீட்டருக்குள். அதிலும் முக்கால்வாசி வால். சித்திரங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற கூழைக்கடா மாதிரி கீழ்த்தாடையில் பை தொங்குமே தவிர, பல் எல்லாம் பொடிப்பொடி. செதிலும் கிடையாது, மற்ற மீன்களுக்கு மிதக்க உதவும் காற்றுப்பையும் கிடையாது. தின்பது பெரும்பாலும் குட்டி இறால் வகையறா. வால் நுனியில் ஒரு விளக்கு வேறு. அதைக் காட்டித்தான் இரையை இழுக்கிறது என்று நினைக்கிறார்கள். இத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிழைப்பு!

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "நம்ம விலாங்கு மாதிரி இல்லையே. வலையில அம்புட்டா ஏலத்துல என்ன போகும்?"

"சதையே இல்லண்ணே, கொழகொழன்னு இருக்கும்."

"கருவாட்டுக்கு?"

"ஆகாது."

"அட போங்க தம்பி," என்று வலைக்குத் திரும்பிவிட்டார். கடலியல் அவருக்கு அத்தோடு முடிந்தது.

பெரியம்மா முகத்தில் பயம் குறைந்தது தெரிந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அங்கேதான் ஒரு தகவலைக் கூடுதலாகச் சொல்லித் தொலைத்தேன். இனப்பெருக்கப் பருவம் வந்ததும் ஆண் விலாங்குக்குத் தாடை சுருங்கிப் பல் போய்விடும். மோப்ப உறுப்பு மட்டும் பெரிதாக வளரும், பெண்ணைத் தேட. பெண்ணுக்கு அப்படி ஒன்றும் ஆகாது.

பெரியம்மா மெல்லத் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, சட்டையோடு என்னிடம் கொடுத்துவிட்டு நின்றவர் அவர்.

"கேட்டீங்களா? பல்லு போனதும் அது வாயைக் கட்டிக்கிருமாம். நீங்களும் இருக்கீங்களே!"

பெரியப்பா நிதானமாக என்னிடமிருந்து கைக்குட்டையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, பல்லை மாட்டிக்கொண்டார். "மூக்கு நல்லா வேலை செய்யும்னும் சொன்னான்ல? வடக்கால எங்கயோ எறா வறுக்குறாங்க. திவசம் முடிச்சதும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோமா தம்பி?"

"அமாவாசையும் அதுவுமா!" என்று பெரியம்மா கை ஓங்க, அவர் சிரித்துக்கொண்டே கடலுக்குள் ஓட, பெரியம்மா திட்டிக்கொண்டே பின்னால் போனார். இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் வசவு நிற்கவில்லை. அங்கேயே அவர் தலையைப் பிடித்து மூன்று முங்கு முக்கிவிட்டு, தானும் முங்கினார்.