பழைய ஹைலக்ஸின் பின் பிரேக் வேலை

வண்டி பினாங்கில் ஓடும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது, பின் இடது டயரின் உள்பக்கம் ஈரம். இரண்டும் சேர்ந்தால் முதல் சந்தேகம் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூக்களை டிரம்மோடு தள்ளும் சின்ன உருளை) மேல்தான்.

வாங்கியவை: வீல் சிலிண்டர் 2, பிரேக் ஷூ (டிரம்மின் உள்பக்கம் உரசும் வளைந்த கட்டை) 4, ஸ்பிரிங் செட், டாட் 3 பிரேக் ஆயில் 1 லிட்டர், பிரேக் கிளீனர் 2 டின். ஒழுகியது ஒரு பக்கம்தான் என்று ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கலாம். ஆயில் ஊறிய ஷூவைத் தேய்த்துப் போடுவதும் வீண். சூடேறினால் உள்ளே இருப்பது திரும்ப வெளியே வரும். ஹைலக்ஸில் டிரம் அளவு ஒன்றல்ல. சேஸ் நம்பரோடு பழைய சிலிண்டரையும் கடைக்குக் கொண்டு போவது நல்லது.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகே டிரம்மில் கை வைக்க வேண்டும். கடற்காற்றுத் துரு டிரம்மை ஹப்போடு ஒட்டவைத்திருக்கும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிரம் முகத்திலேயே 2 மரைத் துளைகள் உண்டு. 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி அரைச் சுற்று முறுக்கினால் 'டக்' என்று கழன்று வரும். தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிளீனரால் நனைத்துத் துடைக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரிக்க வேண்டும். எந்த ஸ்பிரிங் எங்கே என்று மறு பக்கம் காட்டும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை நேரெதிர், கலந்துவிடக்கூடாது.

சிக்கல், பிரேக் பைப்பை வீல் சிலிண்டரோடு இணைக்கும் நட்டில்தான். சாதாரண ஸ்பேனர் அதன் முனைகளை மழுக்கிவிடும், நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மில்லிமீட்டர் ஃபிளேர் நட் ஸ்பேனர் தேவை. நட்டோடு பைப்பும் சேர்ந்து திரும்பினால் உடனே நிறுத்தி, துரு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். முறுக்கினால் பைப் போச்சு. புதுச் சிலிண்டரில் முதலில் நட்டைக் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டுத்தான் சிலிண்டர் போல்ட்டை இறுக்குவது. மாற்றிச் செய்தால் நட் கோணலாக ஏறி மரை கெடும்.

வெளியே வந்த ஆயில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) நிறம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். சிலிண்டர் உள்சுவரைத் துரு குழி குழியாக அரிக்க, அது ரப்பரைக் கிழிக்கிறது. ஒழுகலின் தொடக்கம் இதுதான். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140தான். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் இறங்கும் வளைவுகளில் அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும் வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் ஆக்சிலுக்கு மேல் லோட் வால்வு (சுமைக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருந்தால் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைக்க வேண்டும். சேஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால், சுமை இல்லை என்று வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் சரியாக வராது. பெடலை மிதிக்கும்போது அது அடிவரை போகாதபடி கீழே ஒரு மரக்கட்டை. பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அடிவரை மிதித்தால், இதுவரை ரப்பர் தொடாத துரு பிடித்த பகுதியில் உரசி அதுவும் ஒழுகத் தொடங்கலாம்.

டிரம் லேசாக உரசிச் சுற்றும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து, காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தாயிற்று. இரண்டு நாள் கழித்து, டிரம்முக்குப் பின்னால் உள்ள தட்டின் அடியில் விரல் வைத்துத் தடவினோம், ஈரம் இல்லை.