விம்மில் கடைசியாகக் கை வைத்தது யார்?

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் செட்டிங் கோப்பான விம்ஆர்சியில் எழுதிய வரி வேலை செய்யவில்லை என்று யாராவது வந்து நின்றால், அந்தக் கோப்பைத் திறக்க நான் சொல்வதே இல்லை. வரி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். விம் அதைப் படித்தும் இருக்கும். படித்து முடித்த பிறகு வேறொரு கோப்பு வந்து அதே செட்டிங்கை மாற்றிவிட்டுப் போயிருக்கும். யார் அந்தக் கடைசி ஆள் என்பதை விம்மிடமே கேட்டுவிடுவது என் வழக்கம்.

ஆபீஸ் சர்வர்களை டெபியன் 9 என்ற லினக்ஸுக்கு மாற்றிய புதிதில் இது பெரிய தலைவலியாக இருந்தது. 2017 ஜூனில் வந்த பதிப்பு அது, கூடவே விம் 8.0 வந்தது. நாங்கள் விண்டோஸிலிருந்து புட்டி என்ற டெர்மினல் புரோகிராம் வழியாகத்தான் சர்வருக்குள் போவோம். புட்டியில் வலது க்ளிக் செய்தால் பேஸ்ட் ஆகும். கை அதற்குப் பழகிவிட்டது. டெபியன் 9-இல் விம்முக்குள் அதே க்ளிக்கைச் செய்தால் எதுவும் ஒட்டவில்லை, கீழே ‘விஷுவல்’ (தேர்ந்தெடுக்கும் நிலை) என்று காட்டிவிட்டு நின்றது. மவுஸை விம் தன் வசம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்தால் புட்டிக்குப் போய் பேஸ்ட் ஆகும்தான். ஆனால் நாள் முழுக்க கான்ஃபிக் ஒட்டிக்கொண்டிருப்பவனிடம் போய் ஷிஃப்டை அழுத்து என்று சொன்னால் சண்டைக்கு வருவான்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் இதைச் சரி செய்யச் சொல்லியிருந்தேன்.

“அண்ணா, விம்ஆர்சி லோக்கல்ல மவுஸை ஆஃப் பண்ணிப் போட்டுட்டேன். எடுக்கவே மாட்டேங்குது. ரீஸ்டார்ட்கூட பண்ணிப் பாத்துட்டேன்.”

“எதை ரீஸ்டார்ட் பண்ணே?”

“சர்வரைத்தான்.”

நல்லவேளை, அது டெஸ்ட் சர்வர்.

விம்ஆர்சி லோக்கல் என்பது சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக அட்மின் எழுதும் செட்டிங் கோப்பு. அதை விம் படிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்றேன். அதற்கு ஒரு முரட்டு வழி உண்டு. கோப்பின் நடுவே அர்த்தமில்லாத ஒரு வார்த்தையை அடித்துச் சேமித்துவிட்டு விம்மைத் திறக்க வேண்டும். திறந்ததும் இ492 என்ற எண்ணோடு, இப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று கத்தினால் படிக்கிறது என்று அர்த்தம். கத்தியது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, விம்முக்குள் கோலன் போட்டு ‘வெர்போஸ் செட் மவுஸ்’ என்று தட்டி, கடைசியில் கேள்விக்குறி வைக்கச் சொன்னேன். மவுஸ் இப்போது என்ன மதிப்பில் இருக்கிறது என்று காட்டிவிட்டு, கீழே அதைக் கடைசியாக வைத்த கோப்பின் முழுப் பாதையையும் விம் காட்டும். இப்போதைய பதிப்புகளில் வரி எண்ணும் சேர்ந்தே வரும். அதில் இருந்த பெயர் டிஃபால்ட்ஸ்.விம்.

2016 செப்டம்பரில் வந்த விம் 8.0-தான் இந்தக் கோப்பைக் கொண்டுவந்தது. பயனருக்குச் சொந்தமாக விம்ஆர்சி இல்லையென்றால், சின்டாக்ஸ் நிறம் (கோடின் பகுதிகளை வேறு வேறு நிறத்தில் காட்டுவது), மவுஸ் போன்ற சில வசதிகளை இது தானாகவே போட்டுவிடும். புதிதாக விம் பழகுகிறவருக்கு நல்லதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் சிஸ்டம் முழுமைக்குமான விம்ஆர்சி, டெபியனில் அதற்குள்ளிருந்தே லோக்கல் கோப்பு, அதற்கப்புறம் பயனரின் விம்ஆர்சி. அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் டிஃபால்ட்ஸ். அதாவது அட்மின் உட்கார்ந்து யோசித்து எழுதியதை, யாரும் கேட்காமலே வந்த கோப்பு அழித்துவிடுகிறது. இந்த வரிசை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

ஒரே சர்வரில் சிலருக்கு பேஸ்ட் ஆகி, சிலருக்கு ஆகாமல் இருந்ததற்கும் இதுவே விடை. ஹோம் ஃபோல்டரில் பெயருக்கு ஒரு காலி விம்ஆர்சி இருந்தால்கூட டிஃபால்ட்ஸ் எட்டிப் பார்க்காது. ரூட் என்கிற அட்மின் கணக்குக்கு அது இல்லை, பையனுக்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், டெபியன் தரும் விம்ஆர்சியிலேயே இது கமென்டாக எழுதியிருக்கிறது: டிஃபால்ட்ஸ் பிறகுதான் வரும், இங்கே எழுதியதை மாற்றிவிடும், வேண்டாமென்றால் ‘ஸ்கிப் டிஃபால்ட்ஸ் விம்’ என்ற வரியின் கமென்டை எடுத்துவிடுங்கள் என்று. கமென்டை யார் படிக்கிறார்கள்! ஆனால் அதை மட்டும் செய்தால் சின்டாக்ஸ் நிறமும் சேர்ந்து போய்விடும். அதனால் லோக்கல் கோப்பில் முதலில் டிஃபால்ட்ஸை நாமே சோர்ஸ் செய்துவிட்டு (அதாவது அந்த இடத்திலேயே படிக்க வைத்துவிட்டு), அடுத்த வரியில் ஸ்கிப்பை 1 என்று வைத்து, அதற்குக் கீழே மவுஸைக் காலியாக்கினோம். இந்த வரிசை மாறக்கூடாது. ஸ்கிப்பை மேலே வைத்தால், நாம் சோர்ஸ் செய்யும்போதும் டிஃபால்ட்ஸ் அதைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிடும்.

பைத்தான் எழுதுகிறவர்களுக்கு இதே கதை வேறு ஊரில் நடக்கும். வரியை உள்ளே தள்ள விம்ஆர்சியில் இரண்டு ஸ்பேஸ் என்று வைத்திருப்பார்கள். பைத்தான் கோப்பைத் திறந்தால் நான்கு வரும். விம்மோடு வரும் பைத்தான் ஃபைல்டைப் ப்ளகின், பைத்தானின் எழுத்து நடை விதிகளான பெப் 8 சொல்கிறபடி, எத்தனை ஸ்பேஸ் தள்ளுவது என்ற ஷிஃப்ட்விட்த்தை 4 ஆக்கிவிடுகிறது. விம்ஆர்சி படிக்கப்படுவது விம் தொடங்கும்போது, இது ஓடுவது கோப்பு திறக்கும்போது. டாட் விம் ஃபோல்டருக்குள் ‘ஆஃப்டர்’, அதற்குள் ‘எஃப்டிப்ளகின்’ என்று ஃபோல்டர் போட்டு, பைத்தான்.விம் என்ற கோப்பில் உங்கள் வரியை ‘செட்லோக்கல்’ கொண்டு எழுதினால் அதுதான் கடைசியாக ஓடும். விம்ஆர்சியிலேயே இன்னும் கீழே, இன்னும் கீழே என்று வரியை நகர்த்திப் பார்ப்பதில் பயனில்லை.

வெர்போஸ் கேட்டும் யார் பெயரும் வரவில்லையென்றால், பெரும்பாலும் உங்கள் கோப்பே படிக்கப்படவில்லை. ‘ஸ்கிரிப்ட்நேம்ஸ்’ என்று தட்டினால் படித்த கோப்புகளெல்லாம் வரிசையாக வரும். அதில் உங்களுடையது இல்லையா? சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தோடு திறந்தீர்களா என்று பாருங்கள். உபுண்டுவில் 19.10 முதல் சூடோவில் ஓடும் விம், ரூட்டின் ஹோமில்தான் விம்ஆர்சியைத் தேடுகிறது. சூடோஎடிட் கொண்டு திறந்தால், கோப்பின் தற்காலிக நகலை உங்கள் பெயரிலேயே திறந்து, மூடியதும் திரும்ப எழுதிவிடும். உங்கள் செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும். விம்முக்குப் பதில் ‘நானோ’ என்ற வேறொரு எடிட்டர் வந்து நின்றால், ‘எடிட்டர்’ வேரியபிளில் விம் என்று வைத்துவிடுங்கள்.