கல்லூரி வாசல் ஆச்சியின் கடகம்

ஒவ்வோர் ஆண்டும் நமது பழைய மாணவர் சங்க மலரில் அதிபர்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் பள்ளி விட்டதும் நாங்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்ட மனிதர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. கல்லூரியின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. மலர்க் குழுவினர் இம்முறை என்னிடம் கட்டுரை கேட்டதும், வாசலில் பனையோலைக் கடகத்தோடு இருந்த ஆச்சியிலிருந்துதான் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஆச்சியை நினைவிருக்கும். மதிலோரத்துப் பூவரச நிழலில் சாக்கை விரித்து, கடகத்தையும் சுளகையும் முன்னால் வைத்துக்கொண்டு இருப்பார். வறுத்த கச்சான் (நிலக்கடலை), அவித்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், நெல்லிக்காய், காலத்துக்கேற்ப நாவற்பழம், இலந்தைப்பழம். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு. கிழங்குக் காலம் போனால், அவித்துக் காயவைத்த கிழங்கான புழுக்கொடியல். கச்சானைச் சின்னச் சுண்டால் அளந்து, பழைய கொப்பித் தாளில் சுருள் செய்து தருவார். தின்று முடித்ததும் சுருளை விரித்து, அது யாருடைய கொப்பி, கணக்குக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பது எங்களுக்கு வழக்கம். அப்போதைய ஐந்து சதம் அலுமினியத்தில் சதுரமாக இருக்கும். பத்துச் சதத்தின் விளிம்பு வளைந்து வளைந்து போகும். ஆச்சி காசைப் பார்ப்பதேயில்லை. விரலால் விளிம்பைத் தடவியே மிச்சம் தருவார்.

சந்திக் கடையில் வேறோர் உலகம். தகர மூடி போட்ட கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் பல்லி முட்டாசு, ஒன்றில் புல்டோ, ஒன்றில் சூப்புத்தடி. எல்லாவற்றுக்கும் நடுவில் தோடம்பழ (ஆரஞ்சு) இனிப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை. உரித்த தோடம்பழத்தின் ஒரு சுளை எப்படி இருக்குமோ அதே வடிவம். முதுகுப் பக்கம் வளைந்து, இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் ஓடும். மேலே சீனி மணிகள் ஒட்டியிருக்கும். வாயில் போட்டதும் முதலில் அந்த மணிகள் நாக்கில் உரசும், பிறகு வழவழப்பு, கடைசியில் சுளையின் நுனி கூராகிக் கன்னத்தைக் குத்தும். உள்ளே பழமும் இல்லை, சாறும் இல்லை; சீனியும் நிறமும் வாசனையும்தான். பங்குனி, சித்திரை வெயிலில் போத்தலுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைக்கார ஐயா கரண்டிக் காம்பால் குத்திப் பெயர்ப்பார். அப்போது உடைந்து விழும் துண்டுகளுக்குக் காசு கேட்க மாட்டார். அதற்காகவே வெயில் நாள்களில் அந்தக் கடையில் கூட்டம்.

ஐஸ்பழ அண்ணை நெல்லியடிப் பக்கமிருந்து வருவார். சைக்கிள் கரியரில் பெட்டி, கைபிடியில் ரப்பர்க் குமிழ் ஹோர்ன். கடைசிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டுவிட்டால் வகுப்பில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளாது. சிவப்பும் செம்மஞ்சளும் விலை குறைவு, பால் ஐஸ்பழம் விலை கூட. சிவப்பு ஐஸ்பழத்தை உறிஞ்சினால் நிறமெல்லாம் வாய்க்குள் வந்துவிடும். கையில் வெறும் வெள்ளைப் பனிக்கட்டிதான் மிஞ்சும். வல்லிபுர ஆழ்வார் கோவில் புரட்டாதித் திருவிழாவிலும் அவரைக் கண்டிருக்கிறேன். அங்கே தும்பு முட்டாசுக்காரரின் (பஞ்சு மிட்டாய்க்காரரின்) மணிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஐஸ்பழ அண்ணையின் ஹோர்ன் சத்தமும் அத்தோடு நின்றது. அரசின் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் என்று ஒவ்வொன்றாக எட்டாப் பொருளாயின. சந்திக் கடையின் கண்ணாடிப் போத்தல்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. அந்த வெறும் போத்தல்களிலும் ஒன்றிரண்டு விளக்காகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்புவதற்குச் சூப்பியால் (குழந்தைகளின் பால் போத்தலால்) இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்ட காலம் அது.

சீனி தட்டுப்பாடாகி விலை ஏறிய அந்த ஆண்டுகளில்தான் எங்கள் ஊர்ப் பனை எங்களுக்கு மறுபடியும் இனிப்புக் கடையானது. வெறும் தேநீரைக் குடிக்கும்போது உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. ஆச்சியின் கடகத்திலும் மாற்றம் வந்தது. பனங்கட்டிப் பாகில் பிடித்த எள்ளுருண்டை வந்தது, கச்சான் அல்வா வந்தது, ஆவணியில் பனங்காய்ப் பணியாரம் வந்தது. கோதுமை மா கிடைக்காத வாரங்களில் பணியாரத்தில் அரிசி மா கூடி, கொஞ்சம் கடினமாக இருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

வீட்டில் அம்மம்மா பாணிப் பனாட்டுப் போட்டார். அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. ஆவணி, புரட்டாதியில் விடியற்காலையில் காணிக்குள் பனம்பழம் பொத்தென்று விழும். மாடு தின்னுமுன் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். கழுவித் தோலை உரித்து, தண்ணீர் தெளித்துத் தும்பிலிருந்து களியைப் பிசைந்தெடுப்பார். கை முழங்கை வரை மஞ்சளாகும். அந்த வாசனை இரண்டு நாளைக்குப் போகாது. முற்றத்தில் கால் நட்டுக் கட்டிய பரணில் ஓலைப்பாயை விரித்து, களியை மெல்லியதாகப் பூசிக் காய விடுவார். மறுநாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. நாளுக்கொரு பூச்சாக ஏற, கடைசியில் தோல் போலத் தடித்த தகடு வரும். பாயிலிருந்து உரித்தால் அடிப்பக்கத்தில் பாயின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். அதுதான் பனாட்டு. மழை மேகம் கண்டால் வீடே பரணை நோக்கி ஓடும்.

பனாட்டைத் துண்டுகளாக வெட்டி, கருப்பநீரை, அதாவது பதநீரை, பாகாகக் காய்ச்சிய பாணியில் வறுத்த எள்ளும் இடித்த மிளகும் சேர்த்து, முட்டிக்குள் ஊறப்போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்தால் பாணிப் பனாட்டு. மாதக் கணக்கில் கெடாது. இனிப்பு, மெல்லிய கைப்பு, புளிப்பு, கடைசியில் தொண்டையில் மிளகுக் காரம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்த இரவுகளில் ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் அரை மணி நேரத்துக்குக் கரையாது.

தடையும் போரும்தான் நம் பண்டங்களை அழித்தன என்று இங்கே கனடாவில் பலர் பேசுகிறார்கள். என் எண்ணம் வேறு. தோடம்பழ இனிப்பும் ஐஸ்பழமும் போனதற்குத் தடை காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் பனாட்டையும் எள்ளுருண்டையையும் அந்தப் பஞ்ச காலம் எங்கள் வாசலுக்கே கொண்டு வந்தது. அவை மறைந்தது பிறகுதான். பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் 30 இரவில், இராணுவம் முன்னேறி வர, யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமமே இடம்பெயர்ந்து வீதிக்கு வந்தது. வடமராட்சிக்கு வந்தவர்களும் வன்னிக்குப் போனவர்களும் பரணையும் பாயையும் சுமந்துகொண்டா போவார்கள்? 2002 இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபோது பொதி செய்த பிஸ்கட்டும் நொறுக்குத் தீனியும் லொறி லொறியாக வந்தன. சீனி தாராளமானதும் கருப்பநீர் காய்ச்ச வேண்டிய தேவை குறைந்தது. மரம் ஏறுகிறவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான், அந்தத் தொழிலின் ஆபத்தையும் அதற்கு ஊர் கொடுத்த மதிப்பையும் பார்த்து வளர்ந்தவன் நான். 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை பனங்கட்டியையும் ஒடியலையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் பத்து நாள் முற்றத்தில் காவல் நின்று பனாட்டுப் போட வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆள்களில் பாதிப் பேர் இங்கே ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்குள்ள தமிழ்க் கடைகளில் ஓலைக் குட்டானில் பனங்கட்டி இருக்கிறது. புழுக்கொடியல் பொதியில் இருக்கிறது. பருத்தித்துறைத் தட்டை வடை இருக்கிறது; பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் குறையாமல், கடித்தால் நொறுங்குகிற நல்ல வடையே கிடைக்கிறது, செய்பவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாணிப் பனாட்டை மட்டும் நான் எந்தத் தட்டிலும் காணவில்லை. கடைசியாக ஊருக்குப் போனபோது கல்லூரி மதிலோரத்தில் பூவரசு நிற்கிறது, கீழே யாரும் இல்லை. ஆச்சி எந்த ஊர், பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தேன். சொல்லத் தெரிந்தவர்கள் கிடைக்கவில்லை.

மலர்க் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த மலரில் நான்கு பக்கங்கள் பண்டங்களுக்கென்று ஒதுக்கப்படும். பனாட்டுக்கு இறக்கும் பாணியின் பதம் என்ன, கம்பிப் பதமா, அதற்கு முன்னரே இறக்க வேண்டுமா? முட்டிக்கு எவ்வளவு மிளகு? களி எத்தனை பூச்சு? அம்மம்மா எல்லாவற்றையும் கைப்பக்குவத்தில் செய்தவர். நான் தின்றேனே தவிர எழுதி வைத்தவர் எவருமில்லை. உங்கள் வீட்டில் தெரிந்த அம்மாமார், அம்மம்மாமார், அப்பம்மாமார் இருந்தால் அருகில் இருந்து கேட்டு, அளவோடு எழுதி அனுப்புங்கள். எழுதச் சிரமமானவர்கள் சங்கத்துக்குத் தகவல் தந்தால் போதும், நான் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஆச்சியின் பெயர் தெரிந்தவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்.