வலது முன் சக்கரம்

அக்டோபர் 15, ஞாயிறு. நாள் 9

எங்கள் ரேஸ் வண்டி ஒரு பழைய வோல்வோ, பெட்டி என்று கூப்பிடுவோம். அதன் வலது முன் சக்கரத்தில் ஒரு முனகல். போன டிராக் டேயிலேயே, பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகும் நாளில், எங்கள் நால்வர் அணியின் மீசைக்காரர் சொன்னார். டயர் சத்தம் என்று விட்டுவிட்டோம். இன்று அணியின் பெரியவர் வீட்டுத் தெருவில் நானே ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது, வலப்பக்கம் ஒடித்தால் அடங்குகிறது. இடப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலது சக்கரத்தின் மேல்தான் விழும். டயர் இல்லை, பேரிங்.

போட்டி நடக்கப்போகிற தண்டர்ஹில் தடத்தில் முதல் திருப்பமும் இடப்பக்கம், இரண்டாவதும் இடப்பக்கம். இரண்டாவது முடியவே முடியாது போல நீளும். ஒவ்வொரு லேப்பிலும், ஒவ்வொரு சுற்றிலும், அந்தச் சக்கரம்தான் வண்டியைத் தாங்க வேண்டும்.

இன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் வேறு எதையும் நினைக்கவில்லை: அக்டோபர் 6இல் வேலை போனதை, அறுபது நாளுக்குள் புது வேலைக்கான விசா மனு போய்ச் சேராவிட்டால் அமெரிக்காவில் வேலை செய்து தங்க முடியாது என்பதை. அது நல்லதாகத்தான் இருந்தது.

அக்டோபர் 17, செவ்வாய். நாள் 11

எட்டு விண்ணப்பங்கள். ஒரு பதிலும் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு. நாள் 16

ஜாக்கி போட்டு ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பெரிய ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். கரகரவென்று மணலை அரைக்கிற சத்தம். அப்பா பட்டறையில் லேத் மோட்டாரை இப்படித்தான் கேட்பார். நான் பள்ளிவிட்டு வந்து பையைக் கூட இறக்காமல் அவர் பக்கத்தில் நிற்பேன். கேட்டு முடித்ததும் எனக்கும் ஒரு தடவை காதில் வைத்துக் காட்டுவார்.

கழற்றிப் பார்த்ததில் உள் பேரிங்கின் உருளைகளில் குழிகள். வெளிப் பேரிங்கின் உருளைகளும் கொஞ்சம் நிறம் மாறியிருந்தன. உள்ளே இருந்ததை முழு ஜோடியாக மாற்றினோம். வெளியே இருந்ததில் கோனை, அதாவது உருளைக் கூட்டை மட்டும் மாற்றினோம். உருளைகள் ஓடுகிற வெளி வளையமான கப் பளபளவென்றுதான் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொன்னது நான். பெரியவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், அப்புறம் சரி என்றார்.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்குள் அழுத்தி ஏற்றினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, விரலால் திருகி நிறுத்தி, ஸ்பிளிட் பின் போட்டேன். ஆட்டம் இல்லை, இறுக்கமும் இல்லை. கை முழுக்க கிரீஸ் வாசனை, சோப்பு போட்டும் போகவில்லை.

அக்டோபர் 30, திங்கள். நாள் 24

காலை ஒன்பதரைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவு பத்து மணி.

"ஏங்கண்ணு, இந்நேரத்துல ஆபீஸ் இல்லையா?"

"இன்னிக்கு வீட்லருந்துதானுங்ப்பா வேலை."

பேச்சை மாற்றப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். வண்டி 500 டாலருக்கு மேல் போகக்கூடாது. உருட்டுக் கூண்டு, சீட், பெல்ட், தீயணைப்பு இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. உயிரைக் காப்பதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம், ஓடுவதற்குத்தான் செய்யக்கூடாது. அது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "நாப்பதாயிரத்துல வோல்வோவா?" என்று இரண்டு தடவை கேட்டார். பெயர் லெமன்ஸ் என்றதும் எலுமிச்சம்பழமா என்றார். இங்கே மக்கர் பண்ணுகிற காரை லெமன் என்பார்கள், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் போட்டியின் பெயரை அதோடு முடிச்சுப் போட்டு 2006இல் தொடங்கினார்கள் என்று விளக்கினேன். பெரும்பாலும் 24 மணி நேரம் ஓடுவதில்லை, சனி ஞாயிறு இரண்டு பகல்தான்.

கடைசியில் பேரிங்கைப் பற்றிச் சொன்னேன். "கப்பும் கோனும் ஜோடி கண்ணு. ஒண்ண மட்டும் மாத்தாத."

சரிங்ப்பா என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி. நாள் 28

நேர்முகம் நன்றாகப் போனது என்று நினைக்கிறேன். கப்பை மாற்றியிருக்கலாம்.

நவம்பர் 12, ஞாயிறு. நாள் 37

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராகக் கராஜுக்குப் போனேன். பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற நாள். இந்தப் போட்டியில் வண்டிகள் ஏதாவது வேஷம் போடுவது வழக்கம். போன முறை மீசைக்காரரின் யோசனை, இந்த முறை என்னுடையது: கோயம்புத்தூர் டவுன் பஸ். சிவப்பும் மஞ்சளும் பட்டையாக அடித்தோம். முன் கண்ணாடிக்கு மேலே பலகையில் 'காந்திபுரம் – உக்கடம்' என்று நானே எழுதினேன். எங்கள் அணியின் நர்ஸ் இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்து, ஜன்னலுக்குக் கீழே வரிசையாகப் பயணிகளின் முகங்களை வரைந்தாள். எல்லாருக்கும் பொட்டு வைத்தாள். நான் சொல்லாமலே.

நான்கு பேரும் முறுக்கு தின்றோம். பெரியவருக்கு இரண்டு நாளுக்குக் கட்டிக் கொடுத்தேன். அவர் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பண்டிகை எதுவும் இல்லை என்று நர்ஸ் சொன்னாள்.

நான் சின்ன வயதில் முதலில் பார்த்த ரேஸ், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே திறந்த புதிதில். அப்பா டிவிஎஸ்ஸில் உட்கார்த்தி அழைத்துப்போனார். கரிவர்தன் என்பவர் நம் ஊரிலேயே மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார்கள் செய்தார், 1995இல் விமான விபத்தில் போய்விட்டார், அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவுக்கு அவரைத் தெரியாது. ஆனால் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார்.

இன்று ஞாயிறு. அதனால் எந்தப் பொய்யும் சொல்லாமல் பேச முடிந்தது.

நவம்பர் 20, திங்கள். நாள் 45

ஒன்றுமில்லை. தொலைபேசியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன், மறுபடி நிமிர்த்தினேன்.

நவம்பர் 22, புதன். நாள் 47

வேலை கிடைத்துவிட்டது. எழுத்தில் வந்துவிட்டது.

ஆனால் விசா மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையிடம் வாங்க வேண்டிய எல்.சி.ஏ. ஒப்புதலுக்கே ஏழு வேலை நாள். நாளை விடுமுறை. வக்கீல் இன்றே போட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தால் டிசம்பர் 4 திங்கட்கிழமை கைக்கு வரும். மனு 5ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அனுப்பினால் போதாது, சேர வேண்டும். இதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். "எதற்கும் பி-2 சுற்றுலா விசாவுக்கு ஒரு மனு தயாராக வைத்திருப்போம்" என்றார். கோயம்புத்தூருக்கு டிக்கெட் விலையும் பார்த்து வைத்தேன்.

போட்டி 2ஆம் தேதியும் 3ஆம் தேதியும். அந்த இரண்டு நாளில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதே காத்திருப்புதான். போகிறேன்.

நவம்பர் 26, ஞாயிறு. நாள் 51

கார்த்திகை. பால்கனியில் ஐந்து அகல் வைத்தேன். சோபா விற்றாயிற்று, அந்த இடத்தில் கம்பளத்தின் நிறம் வேறாக இருக்கிறது. ஹெல்மெட்டும் தீக்காப்பு உடையும் அங்கேதான் கிடக்கின்றன. ராத்திரி எழுந்து பார்த்தபோது யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

டிசம்பர் 1, வெள்ளி. நாள் 56. வில்லோஸ்

ஐந்தாம் நெடுஞ்சாலையில் வடக்கே மூன்று மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் நெல் வயல். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டி நிற்கிறது. வைக்கோலை எரிக்காமல் தண்ணீரில் மக்க விடுகிறார்கள், அதில் வாத்துகள் இறங்குகின்றன. பக்கத்திலேயே பறவைகள் சரணாலயம். வெள்ளைப் பனி வாத்துக் கூட்டம் ஒன்று எழுந்தபோது பெரியவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் நின்ற வயலின் மணம் இங்கேயும் அதேதான். தொண்டையில் வந்து அடைத்தது.

ஆய்வு இரண்டு கட்டம். முதலில் பாதுகாப்பு: கூண்டின் ஒவ்வொரு வெல்டையும் பார்த்தார்கள், பேட்டரி துண்டிக்கும் சுவிட்சை இழுத்துப் பார்த்தார்கள், பெல்ட்டின் தேதியைப் படித்தார்கள். அதில் விளையாட்டே கிடையாது. அப்புறம் அங்கி போட்ட நடுவர்கள். வண்டி 500ஐத் தாண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால், கூடுதலான ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு லேப் கழித்துவிடுவார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு ஊர்ப்பகுதிகளின் பெயர், நான் கல்லூரிக்குப் போன பஸ் என்றேன். நடுவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பது வழக்கம் என்பதால் தேங்காய் பர்பி செய்து கொண்டுபோயிருந்தேன். கழிவு லேப் இல்லை. சி வகுப்பு, அதாவது இந்த வண்டி முடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ராத்திரி டார்ச் வைத்து வலது முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை.

டிசம்பர் 2, சனி. நாள் 57

காலையில் மூடுபனி. எதிரே நிற்கிற மேடு தெரியவில்லை. கொடி காட்டுபவர் அடுத்த கொடிக்காரரைப் பார்க்க முடியாத வரைக்கும் போட்டி தொடங்காது. பனிக்குள் எங்கிருந்தோ வாத்துகள் கத்திக்கொண்டே இருந்தன. பத்தரைக்கு மேல்தான் விலகியது.

முதலில் நர்ஸ். ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு கறுப்புக் கொடியும் (தப்பு செய்த வண்டியை உள்ளே அழைக்கிற கொடி) வாங்காமல் கொண்டுவந்தாள். பெட்ரோல் ஊற்றும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது. மீசைக்காரர் முழு உடையில் கேனைப் பிடிக்க, பெரியவர் தீயணைப்பானைப் பிடித்து நின்றார். நான் உள்ளே புகுந்தேன். ஆறு பெல்ட்டையும் நர்ஸ்தான் இழுத்துக் கட்டினாள். அவள் கை என் தோளில் ஒரு கணம் கூடுதலாக இருந்தது.

முதல் நாலு லேப் பயம் மட்டும்தான். பெட்டியின் இன்ஜினுக்கு நூற்றிச் சொச்சம் குதிரை சக்திதான், அதுவும் புதிதாக இருந்தபோது. எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். மெதுவான வண்டியின் வேலை கண்ணாடியைப் பார்ப்பது. பின்னால் யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் நுழைவார்கள், என் கோட்டை மாற்றாமல் அவருக்கு எப்படி இடம் விடுவது. இங்கே உரசினால் தப்பு யாருடையது என்று கேட்க மாட்டார்கள், இரண்டு பேருக்கும் கறுப்புக் கொடி. அதனால் எல்லாருமே நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்பதாம் திருப்பம் மேட்டின் மேல். மேலே போகும்போது வானம் மட்டும்தான் தெரியும், சாலை எங்கே போகிறது என்று தெரியாது. தூரத்தில் ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பிவிட வேண்டும். முதலில் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்தேன். பதினைந்தாவது லேப்பில் மூச்சைப் பிடிக்கவில்லை என்பதை அடுத்த லேப்பில்தான் கவனித்தேன்.

இரண்டாம் திருப்பத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் கேட்டேன். காதடைப்பும் ஹெல்மெட்டும் போட்டால் சத்தம் வராது, ஸ்டியரிங் வழியாகத்தான் வரும். வரவில்லை. நாற்பத்தொரு லேப். ஒரு கொடியும் இல்லை. இறங்கியதும் கால் நடுங்கியது, பெரியவர் நாற்காலி கொண்டுவந்தார்.

அந்த நேரம் முழுக்க 5ஆம் தேதியை நினைக்கவில்லை. அக்டோபருக்குப் பிறகு இத்தனை நேரம் நினைக்காமல் இருந்தது இல்லை.

டிசம்பர் 3, ஞாயிறு. நாள் 58

பதினோரு மணிக்கு மீசைக்காரர் ரேடியோவில் "வலது முன்" என்று மட்டும் சொன்னார்.

வண்டி வந்து நின்றபோதே கருகிய கிரீஸ் நாற்றம். ஹப்பைக் கழற்றினால் வெளிப் பேரிங் நீலமாக இருந்தது. கப்பில் ஓரிடத்தில் ஓடு பெயர்ந்த மாதிரி உரிந்திருந்தது. அந்தக் கப்தான். நான் இருக்கட்டும் என்று சொன்ன கப். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "தெரியும். பித்தளைக் கம்பியை எடு" என்றார்.

நல்லவேளை, மாற்று ஜோடி கைவசம் இருந்தது. நானே செய்கிறேன் என்றேன். பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று நேராக வெளியே கொண்டுவந்தேன். சாய்ந்தால் ஹப்பைக் கீறிவிடும். புதியதை அதேபோல் உள்ளே இறக்கினேன். அடி உட்காரும் கடைசி நேரத்தில் சத்தம் மாறும், கணீரென்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது, நிறுத்தாமல் வேலை செய்தேன். சக்கரம் சுழலும் அச்சான ஸ்பிண்டில் தப்பித்திருந்தது. நாற்பத்தெட்டு நிமிடம். பக்கத்து அணிக்காரர் ஒருவர் கேட்காமலே வந்து முழு நேரமும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி ஓட்டம் எனக்கு என்று பெரியவர் சொன்னார், அது அவருடைய முறை. வேண்டாம் என்றேன். "எனக்கு அடுத்த போட்டி இருக்கிறது" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

கட்டம் போட்ட கொடி விழுந்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி வண்டியில் வரும்போது அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கப்பையும், அக்டோபர் 6ஐயும், 5ஆம் தேதியையும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கப்ப நேரா எறக்குனயா கண்ணு?"

"நேராத்தானுங்ப்பா."

"சரி. வக்கீல் பேசுனா எந்நேரமானாலும் கூப்புடு. நா முழிச்சிருக்கறன்."

டிசம்பர் 4, திங்கள். நாள் 59

எல்.சி.ஏ. மதியம் 1:10க்கு வந்தது. கையெழுத்து 1:40. வக்கீல் அலுவலகத்திலிருந்து உறை மாலை ஐந்துக்குக் கிளம்பியது. டிராக்கிங் எண்ணை அப்பாவுக்கும் அனுப்பினேன்.

உரிந்த கப் மேஜை மேல் இருக்கிறது. துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 5, செவ்வாய். நாள் 60

காலை 9:40. டெலிவரி வண்டியில் ஏற்றிவிட்டதாகக் காட்டுகிறது.